காப்பிக்கொட்டைக்கு ஃப்ரிட்ஜில் என்ன வேலை?

நேற்று ஒருவர் பையை மேசைமேல் வைத்து, "நீங்க வறுத்துக் கொடுத்ததுல வாசனையே இல்லையே" என்றார். பிரித்தேன். வாசனை இருந்தது, பூண்டு வாசனை. கையை விட்டால் கொட்டைகள் பிசுபிசுத்தன.

"எங்க வச்சிருந்தீங்க?"

"ஃப்ரிட்ஜுலதான், பத்திரமா!"

இந்த மாதத்தில் இது நாலாவது பை.

காப்பிக்கொட்டை காய்கறி அல்ல. பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் இருக்கும் ஈரம், வறுத்தபின் 2, 3 சதவீதம் தேறினாலே அதிகம். அப்படிக் காய்ந்து, உள்ளே நுண்துளைகளோடு கிடக்கும் பொருள் அக்கம்பக்கத்து ஈரத்தையும் நாற்றத்தையும் இழுக்காமல் என்ன செய்யும்? தினமும் காலையில் சில்லிட்ட டப்பாவை எடுத்துத் திறக்கிறீர்கள். வெளிக்காற்றின் ஈரம் கொட்டைமேல் வியர்த்துப் படிகிறது. உடனே மூடி மறுபடி உள்ளே. "இறுக்கமான மூடிங்க" என்பார்கள். சரி, திறக்காமலா காப்பி போடுகிறீர்கள்?

ஃப்ரீசர் கதை வேறு. வாரத்துக்கு ஒன்றாகக் காற்றுப் புகாத பொட்டலம் கட்டி, எடுத்ததை அறை வெப்பத்துக்கு வந்தபின் பிரித்தால் மாதக்கணக்கில் தாங்கும். வெளியே வந்த பொட்டலம் திரும்ப உள்ளே போகக் கூடாது. இவ்வளவு பொறுமை இல்லையா? அடுப்புக்குத் தள்ளி, இருட்டான அலமாரி போதும். கண்ணாடி ஜாடியில் கொட்டி ஜன்னலோரம் அழகு பார்ப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாங்கும்போது காலாவதித் தேதியை விடுங்கள், வறுத்த தேதியைத் தேடுங்கள். அது இல்லாத பை வேண்டாம். கோப்பைக்கு 15 கிராம் என்றால் 250 கிராமில் பதினாறு கோப்பை வரும். தனி ஆளுக்கு இரண்டு வாரம் தாராளம். கிலோ கணக்கில் எதற்கு? பையில் பொத்தான்போல் இருப்பது வால்வு, கொட்டை விடும் கரியமில வாயு வெளியேறும் வழி. அதைக் கிழிசல் என்று நினைத்து டேப் ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரைப்பது அன்றன்றைக்கு, குடிப்பதற்குச் சற்று முன். மிக்சி கொட்டையை வெட்டிச் சிதறடிக்கும். பாதி மாவு, பாதி குருணை. மாவு கசக்கும், குருணை புளிக்கும், பழி வறுத்தவன் தலையில். கையால் சுற்றும் பர் கிரைண்டர் (பற்களுக்கு நடுவே கொட்டையை ஒரே சீராக நொறுக்கும் கருவி) ஒன்று இருந்தால் நல்லது. மிக்சிதான் என்றால் விட்டுவிட்டு ஓட்டி, நடுவே குலுக்குங்கள். பர் கிரைண்டரின் எஃகுப் பற்களைத் தயவுசெய்து தண்ணீரில் கழுவாதீர்கள், துருப்பிடிக்கும். பிரஷால் தட்டினால் போதும்.

பூண்டுப் பைக்காரர் மறுபடி அரைக் கிலோ கேட்டார். 100 கிராம் மட்டும் கட்டிக் கொடுத்து, "இதை வெளிய வச்சுத் தீர்த்துட்டு வாங்க" என்றேன்.