பரிணாமமா, கூர்ப்பா?

உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவருவதை ஆங்கிலத்தில் 'எவல்யூஷன்' என்கிறார்கள். தமிழில் அதற்கு எந்தச் சொல் பொருந்தும்? வழக்கில் உள்ள 'பரிணாமம்' வடசொல். ஒன்று இன்னொன்றாகத் திரிதல் என்று பொருள். பால் தயிராவது சாங்கியத் தத்துவத்தில் இதற்குச் சொல்லப்படும் உதாரணம். உயிரியல் அதைப் பின்னாளில்தான் எடுத்துக்கொண்டது.

ஆங்கிலத்தின் 'எவல்யூஷன்' லத்தீனிலிருந்து வந்தது. சுருட்டிவைத்த ஏட்டை விரிப்பதே அதன் மூலப்பொருள். விரிவதற்கு முன்பே உள்ளே எழுதியிருக்க வேண்டுமே! உயிர்களின் கதையில் அப்படி எதுவும் எழுதியில்லை. 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் பதிப்பில் டார்வின் இந்தப் பெயர்ச்சொல்லைக் கையாளவில்லை. அதன் வினைவடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக வருகிறது.

தமிழில் வம்பு வேறு. பேச்சுவாக்கில் 'பரிணாம வளர்ச்சி' என்கிறோம். இந்த 'வளர்ச்சி' எங்கிருந்து ஒட்டியதோ, உயிர்கள் மேன்மேலும் உயர்ந்துகொண்டே போகின்றன என்ற குழப்பத்தில் பாதிக்கு அதுவே காரணம். ஓர் உதாரணம் பார்ப்போம்.

பசிபிக் பெருங்கடலின் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டாப்னி மேஜர் தீவில் உயிரியலாளர்களான பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து அலகை அளந்து வந்தனர். 1977இல் கடும் வறட்சி. சிறு விதைகள் தீர்ந்துபோயின. மிஞ்சியவற்றில் முக்கியமானது நம்மூர் நெருஞ்சியின் இனத்துச் செடி ஒன்றின் முள்காய். தடித்த அலகு அதை உடைத்துத் தின்றது; சின்ன அலகுக் குருவிகள் பெருமளவில் மடிந்தன. அலகின் தடிமன் பெற்றோர்வழி வருவது. ஆகவே அடுத்த தலைமுறையின் சராசரி அலகு தடித்தது. எந்தக் குருவிக்கும் பஞ்சத்தில் அலகு வளர்ந்துவிடவில்லை என்பதைக் கவனிக்கவும். பிறகு 1982-83இல் எல் நினோ பெருமழை. சிறு விதைகள் மலிந்தன. இம்முறை சிறிய அலகுகளுக்கு யோகம். இதில் எதை வளர்ச்சி என்பது?

தனித்தமிழ் அன்பர்கள் தரும் 'படிமலர்ச்சி' அழகான சொல்தான். ஆனால் 'படி' என்றதும் மேலே ஏறும் ஏணி மனதில் வந்துவிடுகிறது.

இலங்கைத் தமிழ்வழி உயிரியல் பாடத்தில் 'கூர்ப்பு' என்பார்கள். 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்கிறது தொல்காப்பிய உரியியல். ஏற்கெனவே உள்ள ஒன்று மிகுதல் என்பது பொருள். குருவிக் கூட்டத்திலும் தடித்த அலகு முன்பே இருந்தது. வறட்சிக்குப் பின் மிகுந்தது. தமிழகக் காதுக்கு இச்சொல் முதலில் கத்திமுனையைத்தான் நினைவூட்டும். இருந்தாலும் என் வாக்கு இதற்கே. 'கூர்ப்படைந்தது' என்று வினையாக்கவும் இடம் தருகிறது. பழகிய சொல்தான் வேண்டும் என்பவர்கள் 'பரிணாமம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.