ஆம்ப்பை ஒளித்து வைக்காதீர்கள்

சித்திரை வெயில் ஏறிவிட்டால் காரைக்குடியில் என் கார் ஆடியோ பட்டறைக்கு ஒரே புகாரோடு வண்டிகள் வர ஆரம்பிக்கும். "அண்ணே, பாட்டு நல்லாத்தான் போகுது, அரை மணி நேரத்துல கட் ஆயிடுது. நிறுத்தி டீ குடிச்சிட்டு வந்தா மறுபடி பாடுது."

போன கோடையில் தேவகோட்டைக்காரர் ஒருவர் இப்படித்தான் வந்தார். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து திரும்பும்போது திருமயம் தாண்டுவதற்குள் இரண்டு முறை கட் ஆகியிருக்கிறது. ஆம்ப் (பாட்டுக்குச் சத்தம் கூட்டி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர்) போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்று வேறொரு இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். டிக்கியைத் திறந்தால் ஆம்ப்பையே காணோம். ஓரத்தில் பிளைவுட்டில் பெட்டி அடித்து, அதற்குள் ஆம்ப்பைப் படுக்க வைத்து, ரெக்சின் ஒட்டி, மேலே மேட்டும் போட்டிருந்தார்கள். அழகான வேலைதான். ஆனால் ஒயர் நுழையும் துளையைத் தவிர ஓர் ஓட்டை கிடையாது. மூடியைக் கழற்றித் தொட்டேன், கை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன்.

கூட வந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வளவு இல்லாத வீடு மாதிரியில்ல வச்சிருக்கான். வெக்கை எந்த வழியாப் போகும்?" என்றார். வளவு என்றால் எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளின் நடுவில் இருக்கும் திறந்த முற்றம். பதினைந்து வருஷமாக நான் வாடிக்கையாளர்களிடம் சுற்றிச் சுற்றிச் சொல்லும் விஷயம் இதுதான்.

ஆம்ப் பேட்டரியிலிருந்து இழுக்கும் கரண்ட் முழுவதும் பாட்டாகப் போவதில்லை. பழைய ஏபி கிளாஸ் வகை ஆம்ப் நன்றாக உழைக்கும்போதுகூட ஏறக்குறைய பாதி வெப்பமாகத்தான் போகும். சத்தம் குறைவாக வைத்தால் வீணாகும் பங்கு இன்னும் கூடும். ஸ்பீக்கருக்கு 100 வாட் போகிறதென்றால் இன்னொரு 100 வாட் ஆம்ப்பின் உடம்பிலேயே தங்குகிறது. என் மேஜையில் இருக்கும் சால்டரிங் அயன் வெறும் 25 வாட். அப்படி நான்கு அயனைச் சூடாக்கி ஒரு பெட்டிக்குள் போட்டு மூடியதாக நினைத்துக்கொள்ளுங்கள். டி கிளாஸ் வகை ஆம்ப் என்றால் 80 சதவீதத்துக்கு மேல் ஸ்பீக்கருக்கே போய்விடும், சூடு குறைவு. அதற்காக அதை மூடி வைக்கலாம் என்று அர்த்தமில்லை.

வெயிலில் நிறுத்திய மூடிய கார் ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட 20 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். குன்றக்குடி அடிவாரத்தில் மத்தியானம் வண்டியை விட்டுவிட்டு மலையேறி இறங்கி வந்து பாட்டைப் போட்டால், ஆம்ப் வேலையைத் தொடங்கும்போதே காய்ச்சலோடுதான் தொடங்குகிறது. உள்ளே உள்ள சென்சார் ஓர் அளவுக்கு மேல் தாங்காது என்று கண்டதும் ஆம்ப்பை நிறுத்திவிடும். ஆம்ப்பில் உள்ள புரொடெக்ட் லைட் எரிவது அதனால்தான். அது பழுது இல்லை, பழுதாகாமல் இருக்க அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

சரி, எங்கே மாட்டுவது? என் முதல் தேர்வு பின்சீட்டின் முதுகு, டிக்கி பக்கமாக. அரை இஞ்ச் பிளைவுட்டை முதலில் பொருத்தி, அதன்மேல் ஆம்ப்பை வைத்து, ஹீட் சிங்க்கின் (சூட்டை வெளியே விடும் வரிவரியான உலோக உடம்பு) பள்ளங்கள் மேலும் கீழுமாக நிற்கும்படி மாட்டுவேன். சூடான காற்று அந்தப் பள்ளம் வழியாகத் தானாக மேலே ஏறும், கீழிருந்து புதுக்காற்று வரும். நான்கு பக்கமும் இரண்டு இஞ்சாவது இடம் வேண்டும். ஸ்க்ரூ நீளத்தைப் பார்த்துப் போடுங்கள், மறுபக்கம் ஆள் சாய்ந்து உட்கார்வார். பார்சல் டிரேக்கு (பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகை) அடியில் தலைகீழாகத் தொங்கவிடுவதுதான் மிக மோசம். சூடு ஏற இடமில்லாமல் சர்க்யூட்டின் பக்கமே திரும்பி வரும். முன்சீட்டுக்கு அடியில் வைக்கலாம், ஆனால் சீட் நகரும் தண்டவாளத்தில் ஒயர் சிக்கக்கூடாது. வாட்டர் வாஷில் தண்ணீர் எங்கே தேங்கும் என்றும் பார்க்க வேண்டும். வூஃபர் (பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) பாக்ஸின் மேலேயே திருகுவதை நான் செய்வதில்லை. அந்த அதிர்வில் ஸ்க்ரூ தளரும், நாள்பட உள்ளே சால்டரும் விடும்.

துளை போடும் முன் ஒருமுறை வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பல கார்களில் பெட்ரோல் டேங்க் பின்சீட்டுக்கு நேர் கீழேதான்.

எல்லாச் சூடும் இடத்தால் வருவதில்லை. 4 ஓம்ஸ் வூஃபர் இரண்டைப் பேரலலாகப் போட்டால் லோடு 2 ஓம்ஸ் ஆகிவிடும். ஓம்ஸ் குறைந்தால் ஆம்ப் கூடுதல் கரண்ட் கொடுக்க வேண்டியிருக்கும். ஆம்ப் அதற்குத் தோதானது இல்லையென்றால் திணறும். மெல்லிய ஒயர், பெயின்ட்டைச் சுரண்டாமல் மாட்டிய எர்த், இரண்டும் வோல்டேஜைக் குறைத்து ஆம்ப்பை வாட்டும். இதில் எனக்குக் கோபம் வரும் விஷயம் ஒன்று உண்டு. 30 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 60 போட்டு அனுப்புகிறார்கள். ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. அது போகாவிட்டால் ஒயர் உருகும், மேட் அடியில் உருகினால் வண்டியே போகும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள், அந்த ஒயர் தாங்கும் அளவில்தான் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

தேவகோட்டை வண்டியில் பெட்டியைப் பிரித்து, அதே ஆம்ப்பைச் சீட் முதுகில் மாட்டினேன். ஏபி கிளாஸ் என்பதால், பழைய கம்ப்யூட்டரின் 12 வோல்ட் ஃபேன் ஒன்றையும் பள்ளங்களின் வழியாகக் காற்று வீசும்படி வைத்தேன். ஃபேனுக்கான கரண்ட்டை ரிமோட் ஒயரை (ஸ்டீரியோ ஆன் ஆனதும் ஆம்ப்பை எழுப்பும் மெல்லிய ஒயர்) நேரடியாகச் சுமக்க வைக்காமல், ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் வழியாகக் கொடுத்தேன். மதுரை வரை போய்வந்து போன் செய்தார், எங்கேயும் கட் ஆகவில்லையாம். ஆம்ப் வெளியே தெரிகிறதே என்ற வருத்தம் மட்டும் அவருக்குப் போகவில்லை. பிரித்த ரெக்சினை அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார்.