மாவுக்கட்டுக்கு விழும் கைதட்டல்

"வக்கீல் ஐயா, உள்ளே நீங்கள் ஒன்றுமே பேசவில்லையே?"

மகனை ரிமாண்ட் செய்த அன்று நீதிமன்ற வாசலில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார். நான் நான்கு வாக்கியம் பேசியிருந்தேன். பையனின் வீங்கிய மணிக்கட்டைக் காட்டி, அதைப் பதிவு செய்துகொண்டு மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தேன். அந்த அம்மா எதிர்பார்த்தது வேறு. ஏழைக்கு ஒரு நீதி, பணக்காரனுக்கு ஒரு நீதியா என்று நான் முழங்கியிருக்க வேண்டும். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருக்க வேண்டும்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் குற்றப் படங்கள் அப்படிப் பழக்கிவிட்டன. கடைசி இருபது நிமிடத்தில் கதையை ஓரமாக உட்காரவைத்துவிட்டு நாயகன் ஊழல், கல்வி, விவசாயம் என்று மேடை போட்டுவிடுகிறார். அவர் சொல்லும் கருத்தோடு எனக்குப் பெரும்பாலும் சண்டை கிடையாது. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் அதே நாயகன் சந்தேக நபரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உண்மையை வாங்கினாரே, அரங்கம் விசிலடித்ததே, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம், அதன்பேரில் பொருள் ஏதும் கைப்பற்றப்பட்டால் அது தொடர்பான பகுதி நீங்கலாக, நீதிமன்றத்தில் செல்லாது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி இது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது.

போலீஸ் பிடித்துப்போனவர் "குளியலறையில் வழுக்கி விழுந்தார்" என்ற செய்தியும் கையில் மாவுக்கட்டோடு ஒரு படமும் வந்தால் நாம் சிரித்துப் பகிர்கிறோம். அந்தச் சிரிப்பு என் கட்சிக்காரர்களிடம் வேறு விதமாக வந்து சேர்கிறது. கைதானவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. நடுவர் கேட்பார்: "போலீஸார் மீது புகார் உண்டா?" அடித்தவர் இரண்டடி பின்னால் நின்றிருப்பார். பையன் தலையைக் குனிந்து "இல்லை" என்பான். "புகார் இல்லை" என்று பதிவாகிவிடும். ஆறு மாதம் கழித்து நான் எதைச் சொன்னாலும் அரசுத் தரப்பு அந்த இரண்டு சொல்லைத்தான் எடுத்து நீட்டும். நான் பார்த்த படங்களில் இந்த இரண்டு நிமிடம் அநேகமாக வருவதே இல்லை. 'ஜெய் பீம்' போன்ற ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு. 1993-இல் தொடங்கிய உண்மை வழக்கை வைத்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஆட்கொணர்வு மனு (பிடித்துவைத்தவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) என்றால் என்ன என்று கேட்டவர்கள் என்னிடம் வந்தார்கள்.

என்கவுன்ட்டர் படங்கள் தனி ரகம். 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே பாலியல் வன்கொலை வழக்கில் கைதான நான்கு பேரைப் போலீஸார் சுட்டுக் கொன்றபோது மக்கள் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள் என்றும், இறந்தவர்களில் மூவர் சிறார்கள் என்றும் 2022-இல் சொன்னது. அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? என்கவுன்ட்டர் மரணம் ஒவ்வொன்றையும் தனிக் குழு விசாரிக்க வேண்டும், சுட்ட கையோடு பதக்கமோ பதவி உயர்வோ தரக் கூடாது என்று 2014-இலேயே உச்ச நீதிமன்றம் விதித்துவிட்டது. திரையில் பதக்கம் அடுத்த காட்சியிலேயே வந்துவிடுகிறது.

உங்கள் வீட்டில் யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் வசனம் தேடாதீர்கள். கைது விவரத்தைப் பதியும் கைதுக் குறிப்பாணை (அரெஸ்ட் மெமோ) எழுதினார்களா, அதில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டாரா, நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எந்த நிலையத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். உறவினருக்குத் தகவல் சொல்வதும், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்வதும் உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டு டி.கே. பாசு தீர்ப்புப்படி கட்டாயம். உடம்பில் காயம் இருந்தால் நடுவரிடம் அன்றே, வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

அந்தப் பையனுக்கு எலும்பு முறிவு என்று மருத்துவமனைச் சான்று வந்தது. அதை வைத்துத்தான் இப்போது வழக்கு நகர்கிறது. அம்மாவிடம் நகலைக் கொடுத்தேன். மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு சொன்னார்: "அடுத்த வாய்தாவுக்காவது கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள், ஐயா."