காயா, பழமா? ஞாயிறு பள்ளிப் பாடத்தை அரிவாள்மனையில் தொடங்குங்கள்

“இனித்தால் பழம், குழம்பில் போட்டால் காய்.” தேவாலய ஞாயிறு பள்ளியில் இப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்தால், தக்காளி எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் கேட்கும்போது பாடம் நின்றுவிடும். இனிப்பு அடையாளமே அல்ல. பூவின் சூலகம் (விதை உருவாகும் பகுதி) முதிர்ந்து, உள்ளே விதையைச் சுமப்பது கனி. அப்படிப் பார்த்தால் தக்காளி, கத்திரி, வெண்டை, பாகல், முருங்கை எல்லாமே கனிதான். வேர் (கேரட், முள்ளங்கி), தண்டு (உருளைக்கிழங்கு, சேனை), இலை (கீரை), பூ (வாழைப்பூ) ஆகியவற்றைக் கனி என்று சொல்ல முடியாது. “காய்கறி” என்பது சமையலறை வைத்த பெயர், செடிக்கு அது தெரியாது. பூ, பிஞ்சு, காய், பழம் என்று நம் தமிழே வரிசையைச் சொல்லிவிடுகிறது. மாங்காய்ப் பச்சடியும் மாம்பழமும் ஒரே கனியின் இரண்டு பருவங்கள்.

இதைப் படம் காட்டி விளக்க வேண்டாம். காரைக்குடிச் சந்தையில் நான்கு வெண்டைக்காய், இரண்டு தக்காளி, ஒரு வெள்ளரி, ஒரு கேரட், ஒரு பூவன்பழம் வாங்கினால் போதும். நுனியில் காய்ந்த பூ ஒட்டியிருக்கும் பீர்க்கம்பிஞ்சு கிடைத்தால் அதை முதலில் காட்டுங்கள், பாதி பாடம் முடிந்துவிடும். வெண்டையைக் குறுக்கே வெட்டினால் பொதுவாக ஐந்து அறைகள், அவற்றுள் விதைகள். மண்டி என்ற செட்டிநாட்டுக் குழம்புக்கு நீளமாக நறுக்கினால் இந்த அழகு தெரியாது. கேரட்டை வெட்டினால் விதை இல்லை. வெட்டுவது ஆசிரியர் மட்டுமே.

வாழைப்பழத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விதை எங்கே என்று கேட்டால், நடுவில் தெரியும் சிறு கரும்புள்ளிகளைக் காட்டுங்கள். அவை வளராமல் நின்ற விதைகள். மனிதர் பயிரிட்டுத் தேர்ந்தெடுத்த வகைகளில் விதை உருவாவதில்லை.

இனி வேதம், அதாவது பைபிள். ஆதியாகமம் 1:29-இல் “விதைதரும் பூண்டு” என்று வாசித்ததும் பிள்ளைகள் வெள்ளைப்பூண்டை நினைப்பார்கள். அங்கே அதற்குச் சிறு செடி என்று பொருள். இதைச் சொல்லாமல் வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். அந்த வசனத்தில் தேவன் செடியையும் கனிமரத்தையும் சேர்த்தே ஆகாரமாகக் கொடுக்கிறார். பழம் ஆசீர்வாதம், காய் தண்டனை என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. ஏவாள் பறித்தது ஆப்பிள் என்றும் வரையாதீர்கள், வேதம் அந்தக் கனிக்குப் பெயர் சொல்லவில்லை.

பாபிலோன் ராஜாவின் அரண்மனையில் இருந்த தானியேல் பத்து நாள் மரக்கறி (காய்கறி உணவு) சாப்பிட்டதைச் சொல்லி, “காய் தின்றால் பலம்” என்று முடிப்பதும் தவறு. ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்ற தீர்மானம்தான் அங்கே செய்தி. நம் ஊரில் கறி என்றாலே ஆட்டுக்கறி, ஆகவே “மரக்கறி”க்கும் பொருள் சொல்ல வேண்டும்.

கலாத்தியர் 5:22, 23 அன்பு முதல் இச்சையடக்கம் வரை ஒன்பது குணங்களைச் சொல்கிறது. அதற்கு ஒன்பது வகைப் பழங்களை வரைந்து சுவரில் ஒட்டும் வழக்கம் இருக்கிறது. வசனமோ “ஆவியின் கனி” என்று ஒருமையில் பேசுகிறது. ஒன்பது பழம் வரைந்தால், “எனக்கு அன்பு போதும், இச்சையடக்கம் வேண்டாம்” என்று பிள்ளை தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அதைவிட ஒரு கமலா ஆரஞ்சைக் காட்டுங்கள். ஒரே பூவிலிருந்து வந்த ஒரே கனி, உள்ளே பல சுளைகள். முழுதாகக் காட்டிய பிறகே உரியுங்கள். பலாச்சுளை இதற்குப் பொருந்தாது, பலாப்பழத்தில் ஒவ்வொரு சுளையும் தனித்தனிப் பூ.

பாடம் முடிந்து பெற்றோரிடம் அளவையும் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்குக் குறைந்தது 2 முதல் 5 வயதுக்கு 250 கிராம், 6 முதல் 9 வயதுக்கு 350 கிராம், அதற்கு மேல் 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்கிறது. உருளைக்கிழங்கு வறுவல் இந்தக் கணக்கில் சேராது. கத்திரிக்காயை மசித்துச் செய்யும் கோசமல்லி சேரும். வகுப்பில் திராட்சை கொடுப்பதானால், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு நீளவாக்கில் நான்காக நறுக்கி, உட்காரவைத்தே கொடுங்கள். முழுத் திராட்சை தொண்டையை அடைத்துவிடும்.