லீவு நாளில் ஊதினால் ஆஸ்துமா பிடிபடாது

கோவை, திருப்பூர் பக்கம் மில்லிலும் சாயப்பட்டறையிலும் இருப்பவர்கள் மூச்சிளைப்புக்கு டாக்டரைப் பார்ப்பது பெரும்பாலும் வார லீவன்றுதான். வேலை நாளில் போனால் சம்பளம் போய்விடும். லீவன்று ஸ்பைரோமெட்ரி (மூச்சை ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) ஊதினால் நார்மலாகவே வரலாம். அதை நம்பி அனுப்பிவிட்டால் வேலையால் வந்த நோய் நழுவிவிடும்.

டாக்டர் முதலில் கேட்க வேண்டியது: "லீவுல ஊருக்குப் போனா குறையுதுங்களா?" மில் வளாக ஹாஸ்டலில் தங்கும் பெண்களுக்கு ஒரு நாள் லீவு கணக்கில் வராது. பொங்கல், தீபாவளிக்குப் போனபோது எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம், சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவுகளில் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயான பிசினோசிஸில், லீவு முடிந்து வரும் முதல் நாள் நெஞ்சு இறுக்கும். வாரம் போகப்போகத் தணியும். புத்தகத்தில் திங்கட்கிழமை என்றிருக்கும். சுழற்சி லீவு விடும் மில்லில் அது புதன்கிழமையாகவும் இருக்கலாம். ரியாக்டிவ் சாயப்பொடி (பருத்தி நாரோடு வினைபுரிந்து ஒட்டும் சாயம்) ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமா பலருக்கு வேலை வாரத்தின் கடைசி நாட்களில்தான் கூடும், சிலருக்கு வீட்டுக்குப் போய் ராத்திரியில் இழுக்கும். பொடி எடை போடுபவர் யார் என்று விசாரிக்காமல் 'சாயப்பட்டறை வேலை' என்று எழுதிவைப்பதில் பயனில்லை. ஒவ்வாமை உருவாக வருடங்கள்கூட ஆகும். வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த நார்மல் ரிப்போர்ட் இன்றைக்கு எதையும் சொல்லாது.

உருப்படியான வழி, மூச்சை ஊதித் தள்ளும் உச்ச வேகத்தை அளக்கும் சில நூறு ரூபாய் பீக் ஃப்ளோ மீட்டர். எழுந்ததும், ஷிப்ட் நடுவில், ஷிப்ட் முடிந்ததும், படுக்குமுன் என நாளுக்கு 4 முறையாவது, லீவு நாள் உட்பட 4 வாரம் ஊத வேண்டும். ஒவ்வொரு முறையும் முள்ளைக் கீழே தள்ளிவிட்டு 3 தடவை ஊதி, அதிகமானதை மட்டும் எழுத வேண்டும். முதல் இரண்டு பெரிய அளவுகளுக்கு நடுவே நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் இன்னொரு தடவை. சிலர் சராசரி போடுகிறார்கள், சிலர் இன்ஹேலர் அடித்துவிட்டு ஊதுகிறார்கள்; இரண்டும் தப்பு. எல்லாம் 350, 400 என்று ஒரே பேனா மையில் இருந்தால், கடைசி நாள் உட்கார்ந்து நிரப்பியது என்று வைத்துக்கொள்ளலாம்.

மில்லில் நடக்கும் மருத்துவ முகாம்களில் காலையில் ஒரு தடவை ஊதவைப்பதோடு சரி. பஞ்சுத் தூசிக்கு அது போதாது. லீவு முடிந்த முதல் நாள், ஷிப்டுக்கு முன்னும் குறைந்தது 4 மணி நேரம் வேலை செய்த பின்னும் ஊதவைத்து ஒப்பிட வேண்டும். சூப்பர்வைசரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு "இருமல் இருக்கா?" என்றால் யார் ஆமாம் என்பார்கள்?

கடுமையான இழுப்பு இல்லாதவரை, பரிசோதனை முடியுமுன் வேலையை விடச் சொல்லாதீர்கள். விட்டபின் ஒப்பிட்டுக் காட்ட வேலை நாளே இருக்காது. பிசினோசிஸும் தொழில்வழி ஆஸ்துமாவும் 1948 இ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், தொழில்நோய்ப் பட்டியலில் இருந்தவை; 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையிலும் உள்ளவை. நஷ்டஈடு கேட்கும்போது அந்த 4 வாரத் தாளும், எந்தப் பிரிவில் எதைக் கையாண்டார் என்று ஓ.பி. சீட்டில் எழுதிய வரியும் கையில் இருக்க வேண்டும்.