விரியன் என்றால் எந்த விரியன்?

மழை பிடித்துவிட்டால் அவசரப் பிரிவில் இந்தக் கூத்து ஆரம்பித்துவிடும். "என்ன பாம்பு?" "விரியன் சார்." "எந்த விரியன்?" கூட வந்த நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வார்கள். போன வாரம் ஒருவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டு எடுத்து வந்தார்கள். பெயர் தெரிந்தால்தான் டாக்டர் சரியான ஊசி போடுவாராம். அதற்குள் கடிபட்டவருக்கு ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது.

ஐயா, அப்படித் தனித்தனி ஊசி எங்களிடம் கிடையாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பு பிடித்து எடுத்துத் தரும் விஷத்தைக் கொண்டு தயாரிப்பது. பையில் இருப்பது எதுவானாலும் நான் பார்ப்பது நோயாளியைத்தான். இமை தொங்குகிறதா, மூச்சு சரியாக இருக்கிறதா, சிறுநீர் போகிறதா, 2 மில்லி ரத்தம் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடத்தில் உறைகிறதா என்பதை வைத்துத்தான் முடிவு. செத்த பாம்பின் தலையும் கடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயரை நம்புவதில் இன்னொரு ஆபத்து உண்டு. கட்டுவிரியன் பெயரில்தான் விரியன், இனத்தால் அது நல்ல பாம்புக்குச் சொந்தம். கண்ணாடி விரியன் கடித்தால் வலி உயிர் போகும், வீங்கும், ரத்தம் உறையாது, சிறுநீரகம் கெடும். கட்டுவிரியனோ தரையில் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும். வீக்கம் இருக்காது, பல் தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி, அப்புறம் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சுத் தசைகள் நின்றுபோகும். "விரியன் கடித்தால் வீங்குமே, இவனுக்கு வீங்கவில்லையே" என்று வயிற்றுவலி மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்த வீடுகள் உண்டு. கட்டுவிரியனுக்கு எட்டடி விரியன் என்றும் பெயர், கடித்தால் எட்டு அடி வைப்பதற்குள் உயிர் போய்விடும் என்பார்கள். எட்டு அடி நடந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று தைரியமாகப் பேசியவரையே பிறகு செயற்கைச் சுவாசத்தில் வைக்க வேண்டியிருந்தது.

"சாரைதான் சார்" என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். மண்ணுளி என்று நினைத்துக் கண்ணாடி விரியனைக் கையில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

கயிறு கட்டாதீர்கள். கீறாதீர்கள். வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். அறிகுறி இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் இருக்கச் சொன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடாதீர்கள். மழைக்காலத்தில் தரையில் படுப்பதைத் தவிருங்கள். முடியாதவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள்.

பாம்பு எதுவென்று தெரியவில்லையா? "தெரியாது" என்றே சொல்லுங்கள். எத்தனை மணிக்குக் கடித்தது என்பதை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். வழியில் பச்சிலை ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். சத்தியமாகத் திட்டமாட்டேன்.