குழந்தையின் தொண்டைக்குத் திரும்பத் திரும்ப லேசர்: காப்பீட்டு அட்டையோடு போகும் முன்

குரல்வளையில் மரு மாதிரி வளரும் பாப்பிலோமா புற்றுநோய் அல்ல. எச்.பி.வி. 6, 11 வகை வைரஸால் வருவது. எடுத்தாலும் திரும்ப வளரும், சில பிள்ளைகளுக்குச் சில வாரங்களிலேயே. அதனால் அதை எரித்து எடுக்கிற லேசர் அறுவையும் ஒரு தடவையோடு முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. விதி இவ்வளவுதான், அலைச்சல் இனிமேல்தான்.

முதல் முட்டுக்கட்டை ரேஷன் கார்டு. அப்பா பெயரில் காப்பீட்டு அட்டை இருக்கும், பிள்ளை பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்காது. சிகிச்சை பிள்ளைக்குத்தானே, அட்டை இருந்தும் பயனில்லை. பிறப்புச் சான்றிதழை வைத்து இன்றைக்கே இ-சேவையில் பெயர் சேர்க்க எழுதிக்கொடுங்கள். ஆதாரில் ஒரு எழுத்து, கார்டில் வேறு எழுத்து என்றாலும் கவுண்டரில் திருப்பி அனுப்புவார்கள். ஐந்து வயது தாண்டியும் கைரேகையைப் புதுப்பிக்காத ஆதாரும் தகராறு செய்யும். காப்பீட்டு அட்டையே இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகு இந்த வரிசையில் நிற்க முடியாது. குரல் கம்மியிருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

"எங்க ஆஸ்பத்திரியில் காப்பீடு உண்டு" என்பதை நம்பி அட்மிட் ஆகாதீர்கள். எலும்புக்கு அனுமதி வாங்கிய மருத்துவமனைக்குக் காது மூக்கு தொண்டைக்கும் இருக்கும் என்று அர்த்தமில்லை. காப்பீட்டுக் கவுண்டரில் மூன்று கேள்வி கேளுங்கள்: குரல்வளை லேசர் அறுவைக்கு உங்களுக்கு அனுமதி உண்டா? கார்பன் டை ஆக்சைடு லேசர் இப்போது ஓடுகிறதா? குழந்தைக்கு மயக்கம் கொடுக்கிற டாக்டரும், மயக்கத்தில் மூச்சுக்காகத் தொண்டை வழியே வைக்கிற, லேசர் பட்டாலும் தாங்கும் டியூபும் இருக்கிறதா? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். சாதாரண டியூபில் லேசர் பட்டால் மூச்சுக்குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கலாம்.

பெரிய தலைவலி இரண்டாவது தடவையில் வரும். ஒவ்வொரு அறுவைக்கும் காப்பீட்டுத் திட்டத்தில் தனி அப்ரூவல் வேண்டும். "போன மாதம்தானே செய்தீர்கள், மறுபடி ஏன்?" என்று கேட்டு ஃபைல் நிற்கும். நோயே அப்படித்தான் என்பது மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை. அதனால் முதல் டிஸ்சார்ஜிலேயே பயாப்சி ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, எண்டோஸ்கோப்பி படம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "திரும்பத் திரும்ப வரும் நோய், மறு அறுவை தேவைப்படும்" என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வெறுமனே "தொண்டைக் கட்டி அகற்றப்பட்டது" என்றிருந்தால் அடுத்த தடவை அல்லாட வேண்டியதுதான்.

"லேசர் சார்ஜ் தனி", "டியூப் வெளியில் வாங்குங்கள்" என்றால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். அப்போதே, பணம் கட்டும் முன்னாலேயே, 1800 425 3993 என்ற திட்டத்தின் இலவச எண்ணில் புகாரைச் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டிய பிறகு திரும்ப வாங்குவது பெரும்பாடு, ரசீதில் "லேசர்" என்ற வார்த்தையே இருக்காது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், "சிகிச்சையில் திருப்தி" என்று அதில்தான் நிரப்பிக்கொள்வார்கள்.